ஆட்டத்தைச் சொல்லுங்கள்: கால்பந்து ரசிகர்களின் கொள்கைப் பிரகடனம்

2022 டிசம்பர் 18 இரவு, வியாசர்பாடியில் ஒரு தெருமுனை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டி, பக்கத்துக் கடையிலிருந்து வயர் இழுத்து, உலகக் கோப்பை இறுதியாட்டத்தைத் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நாற்காலி கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் பைக் மேலும் வாசற்படியிலும். எங்களுக்குப் பக்கத்தில் ஓர் அண்ணன் நின்றிருந்தார். ஒரு காலத்தில் கம்பெனி டீமுக்கு ஸ்டாப்பர் பேக் ஆடியவர். இப்போது முட்டி போய்விட்டது. ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. “டி மரியாவ லெஃப்ட்ல போட்ருக்கான் பாருங்கடா. இன்னிக்கு மேட்ச் அந்தப் பக்கம்தான்” என்றார்.

அப்படியே ஆனது. 23ஆவது நிமிடத்தில் இடது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்த டி மரியாவை டெம்பெலே வீழ்த்தினார், பெனால்டி, மெஸ்ஸி அடித்தார். 36ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் பாதியிலிருந்து கிளம்பிய பந்து மெஸ்ஸி, அல்வாரெஸ், மக்அலிஸ்டர் என்று கால் மாறி, இடது ஓரத்தில் தனியாக ஓடிவந்த டி மரியாவிடம் முடிந்தது. 41ஆவது நிமிடத்திலேயே பிரான்ஸ் பயிற்சியாளர் டெஷாம்ப்ஸ் இரண்டு பேரை வெளியே எடுத்தார். இடைவேளை வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை. 64ஆவது நிமிடத்தில் டி மரியா வெளியேறியபோது அண்ணன் தலையில் கை வைத்தார். “போச்சு. இனிமே அந்தப் பக்கம் தொறந்துடும்.” 80, 81 என்று அடுத்தடுத்த நிமிடங்களில் எம்பாப்பே இரண்டு கோல் போட்டார். முதலாவதற்கு ஓட்டமெண்டியை மிரட்டிக்கொண்டு ஓடிய கோலோ முவானி காரணம். இரண்டாவதற்கு மெஸ்ஸியின் காலிலிருந்தே பந்தைப் பறித்த கோமான் காரணம். இரண்டும் டி மரியா வெளியேறிய பிறகு நடந்தவை.

மறுநாள் காலை கைக்குக் கிடைத்த பேப்பரையெல்லாம் வாங்கினோம், எல்லாச் சேனலையும் திருப்பினோம். மெஸ்ஸியின் கனவு நிறைவேறியது. மெஸ்ஸியின் மனைவி அழுதார். கத்தார் அமீர் போர்த்திய கறுப்பு அங்கிக்கு என்ன பெயர், என்ன விலை. எந்த நடிகர் என்ன வாழ்த்து போட்டார். நாங்கள் பார்த்தவற்றில் இடது பக்கம் பற்றி ஒரு வரி இல்லை. முட்டி போன ஒரு ஸ்டாப்பர் பேக் தெருமுனையில் நின்று சொன்ன ஆட்டம், இத்தனை கேமராவும் இத்தனை பக்கமும் வைத்திருப்பவர்களிடம் இல்லை.

இந்த இயக்கம் அன்று காலையில் தொடங்கியது என்று சொல்லலாம். அதற்குப் பிறகு பல ஆட்டங்கள், பல பேச்சுகள், பல கோபங்கள். இப்போது அதை எழுதி, கையெழுத்திட்டு, வெளியே வைக்கிறோம்.

நாங்கள் தமிழில் கால்பந்து பார்ப்பவர்கள். கேலரியில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள், டீக்கடையில் நின்று பார்க்கிறவர்கள், ஷிஃப்ட் முடித்து விடியற்காலை மூன்று மணிக்கு போனில் பார்க்கிறவர்கள். ஆடியவர்களும் எங்களில் உண்டு, ஒருநாளும் ஆடாதவர்களும் உண்டு. எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: நடந்த ஆட்டத்தைச் சொல்லுங்கள். யார் எங்கே நின்றார், ஏன் அங்கே நின்றார், பந்து எப்படி வந்தது, யார் விட்டார், யார் தடுத்தார். இதைச் சொன்ன பிறகு கனவையும் கண்ணீரையும் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள், நாங்களும் சேர்ந்து அழுகிறோம். ஆட்டத்தை விட்டுவிட்டு அழச் சொன்னால் எங்களால் முடியாது.

வெளிநாட்டு ஆட்டத்துக்கே இந்த நிலை என்றால் நம் ஊர் ஆட்டத்தின் நிலையைக் கேட்க வேண்டாம். 2018 மார்ச் 17, பெங்களூரு. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதியாட்டத்தில் ஒன்பதாவது நிமிடத்தில் எதிரணியின் சேத்ரி கோல் போட, சென்னையின் எஃப்.சி. பின்தங்கியது. திரும்பி வந்தது எப்படி? ஒரு ஸ்டாப்பர் பேக், மைல்சன் ஆல்வெஸ், இரண்டு கார்னர்களில் இரண்டு முறை தலையால் முட்டினார். இரண்டு கார்னரையும் எடுத்தவர் கிரெகரி நெல்சன். ஒரே ஆட்டத்தில், ஒரே வழியில், ஒரே ஆளிடம் ஓர் அணி இரண்டு தடவை ஏமாந்தது என்றால் அது தற்செயலா? பந்து விழுந்த இடம் எது, அவரைப் பிடிக்க வேண்டியவர் எங்கே போனார்? 3-2 என்று ஜெயித்த இரவில் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது இதுதான். கிடைத்தது கோப்பையோடு உரிமையாளர்கள் நிற்கும் படம். அவர்கள் நிற்கட்டும், பணம் போட்டவர்கள். ஆனால் அந்தப் படத்தில் ஆட்டம் இல்லை.

வியாசர்பாடி பற்றிச் சொல்லாமல் இந்தப் பிரகடனம் முழுமையாகாது. எங்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தவர்கள். எங்கள் ஊருக்கு வரும் ஒவ்வொரு நிருபரும் கையோடு ஒரு தலைப்பைக் கொண்டுவருகிறார்: ‘மினி பிரேசில்’. சந்து, குடிசை, தண்ணீர்க் குடம், வெறுங்காலோடு ஓடும் பையன் என்று படம் எடுக்கிறார். வறுமையை வென்ற பந்து என்று எழுதிவிட்டுப் போகிறார். ஆண்டுக்கு ஒரு முறை இது வரும். உலகக் கோப்பை நடக்கும் ஆண்டில் இரண்டு மூன்று முறை வரும். வந்தவர்கள் யாரும் முழு ஆட்டம் உட்கார்ந்து பார்த்து நாங்கள் கண்டதில்லை.

2023 ஆகஸ்ட் 12 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டூரண்ட் கோப்பை. ஈஸ்ட் பெங்கால், நான்கரை ஆண்டுகளாக மோகன் பகானை ஜெயிக்கவே முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. 60ஆவது நிமிடத்தில் எங்கள் நந்தகுமார் சேகர் வலது ஓரத்தில் பந்தை வாங்கினார், உள்ளே வெட்டினார், இடது காலால் வளைத்துத் தூரத்துக் கம்பத்துக்குள் விட்டார். 1-0. ஆட்டம் அதோடு முடிந்தது. கொல்கத்தாவில் பாதி ஊர் அவர் பெயரைச் சொல்லிக் கூத்தாடியது. நம் பக்கம் வந்த செய்திகள் என்ன சொல்லின? அதே சந்து, அதே குடிசை, அதே கண்ணீர்.

வலது ஓரத்தில் ஆடுகிறவர் இடது காலால் அப்படி அடிக்க எங்கே பழகினார் என்று யாராவது கேட்டிருக்கலாம். வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எங்கள் மைதானத்தில் ஒரே நேரத்தில் மூன்று ஆட்டம் ஓடும். ஒரு கோலுக்கும் இன்னொரு கோலுக்கும் குறுக்கே வேறு டீம் பையன்கள் ஓடுவார்கள். ஓரத்தில் சுவர், சுவரையொட்டிச் சாக்கடை. நேரே ஓட இடம் கிடையாது. உள்ளே வெட்டித்தான் ஆக வேண்டும், பந்தைக் காலை விட்டு அரை அடி தள்ளினால் அது வேறு ஆட்டத்துக்குள் போய்விடும். அங்கே 1990-களின் கடைசியிலிருந்து உள்ளூர் அண்ணன்மார்கள் காசு வாங்காமல் காலை ஐந்தரை மணிக்குப் பையன்களை எழுப்பி இரண்டு காலையும் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பையன்களின் கால் அங்கேதான் உருவாகிறது. வறுமை யாருக்கும் இடது காலைக் கொடுப்பதில்லை. வறுமையைத் திறமைக்குக் காரணமாக எழுதும்போது அந்த அண்ணன்மார்களின் இருபத்தைந்து ஆண்டு உழைப்பை அழித்துவிடுகிறீர்கள். இதை நாங்கள் அவமானமாகவே எடுத்துக்கொள்கிறோம்.

எழுதப்படாத ஆட்டத்துக்கு நினைவு இல்லை. இதை எங்களுக்குப் புரியவைத்தவர் ஒரு பெரியவர். சென்னை லீக் ஆட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும் நாற்பது பக்க நோட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா. கோல் விழுந்தால் நிமிடம் எழுதுவார், அடித்தவர் பெயர், கொடுத்தவர் பெயர், பக்கத்தில் ஒரு எழுத்து: ‘வ’ என்றால் வலது கால், ‘இ’ என்றால் இடது கால், ‘த’ என்றால் தலை. கோல் விழாத ஆட்டத்திலும் எழுதுவார். கீப்பர் எந்தப் பக்கம் பாய்ந்தார், எந்த பேக் களைத்துப்போனார் என்று. அவர் வீட்டு அலமாரியில் அப்படி முப்பது வருஷத்து நோட்டுகள் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பாதிக்கு மேல் கூழாகிவிட்டன. சென்னையின் எஃப்.சி.யின் சொந்த ஊர் அரையிறுதி ஆட்டத்தை புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போன அதே வெள்ளம்தான். அந்த வருஷம் நம் அணி கோவாவில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் பெற்றுக் கோப்பையை வென்றது. அந்த ஆட்டத்துக்கு வீடியோ இருக்கிறது. கூழாகிப்போன நோட்டுகளில் இருந்த ஆட்டங்களுக்கு வேறு எந்தச் சாட்சியும் இல்லை. அவற்றில் ஆடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், தங்கள் பேரப்பிள்ளைகளிடம் காட்ட ஒரு துண்டுச் செய்தி இல்லாமல்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்தது. ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற ஆட்டத்தில் நெவில் டி சூசா மூன்று கோல் போட்டார் என்பது பலருக்குத் தெரியும். நான்காவது கோலைப் போட்டவர் நம் கிட்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் ஒரு கோல் போட்டார். ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து போட்ட கடைசி கோல் அதுதான். அதன் பிறகு நாம் அந்த மேடைக்கே போகவில்லை. 1973-இல் கேரளம் முதன்முதலாக சந்தோஷ் டிராபியை வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளரும் இதே சைமன் சுந்தரராஜ்தான். கேரளத்தில் அந்தக் கதையை இன்றும் சொல்கிறார்கள். தமிழில் தேடிப் பாருங்கள். அந்த ரோம் கோலை அவர் எந்தக் காலால் அடித்தார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 2012-இல் தமிழ்நாடு சந்தோஷ் டிராபி இறுதியாட்டம் வரை போய் சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று தோற்றதும் அப்படியே காற்றோடு போயிற்று.

பதிவு இல்லாத இடத்தில் பொய் குடியேறும். 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா ஏன் போகவில்லை? வெறுங்காலோடு ஆட ஃபிஃபா அனுமதிக்கவில்லை என்பதால்தான் என்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அச்சாகிறது, தொலைக்காட்சியில் சொல்லப்படுகிறது. அது காரணம் இல்லை. இந்தியக் கால்பந்து சம்மேளனமே போக வேண்டாம் என்று முடிவெடுத்தது. தூரப் பயணம், பயிற்சிக்கு நேரமின்மை, அணித் தேர்வில் சிக்கல் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அந்தக் காலத்தில் ஒலிம்பிக்கே பெரிதாக மதிக்கப்பட்டது. அணித் தலைவராக இருந்திருக்க வேண்டிய சைலன் மன்னாவே வெறுங்கால் கதையைப் பிற்காலத்தில் மறுத்திருக்கிறார். ஆனால் வெறுங்கால் கதை இனிப்பானது. நிர்வாகத்தின் பொறுப்பை எங்கோ இருக்கும் ஃபிஃபா மேல் போட்டுவிடுகிறது. எழுபது ஆண்டுக்கு மேலாக நம் குழந்தைகள் அதை நம்பி வளர்கிறார்கள். ஒரு தடவை சரிபார்த்திருந்தால் போதும்.

நிர்வாகம் என்று வந்ததால் 2025ஐப் பேச வேண்டும். எங்கள் கோபத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. பதினைந்து ஆண்டுகள், 700 கோடி ரூபாய். ஐ.எஸ்.எல். பிறந்ததே அந்த ஒப்பந்தத்தின் வயிற்றில்தான். அது 2025 டிசம்பர் 8 அன்று முடியும் என்பது கையெழுத்தான நாளிலிருந்தே தெரிந்த சங்கதி. பதினைந்து வருஷம் முன்பே தேதி குறித்த ஒரு முடிவு. சம்மேளனத்தின் சட்டவிதிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்ததும் ஊரறிந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நிருபர் 2023-இல் ஒரு கட்டுரை எழுதியிருந்தால், 2024-இல் இன்னொன்று எழுதியிருந்தால், ரசிகர்களுக்கு ஒரு எச்சரிக்கை கிடைத்திருக்கும். சம்மேளனத்துக்கு ஒரு நெருக்கடி வந்திருக்கும். தமிழில் அப்படி எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. 2025 ஜூலையில் லீக்கை நிறுத்திவைக்கிறோம் என்று அறிவிப்பு வந்தபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்தியது. செப்டம்பரில் தொடங்க வேண்டிய பருவம் அந்த ஆண்டு முடியும்வரை தொடங்கவில்லை. ஆட்டக்காரர்கள், பிசியோக்கள், கிட் மேன்கள், டிக்கெட் கிழிப்பவர்கள், ஸ்டேடியம் வாசலில் ஜெர்சி விற்பவர்கள் என்று எத்தனை குடும்பங்கள்!

அதே ஜூலையில் நம் ஊடகங்களை நிரப்பிய கால்பந்துச் செய்தி எது? பார்சிலோனாவின் சாவி இந்திய அணிக்குப் பயிற்சியாளராக விண்ணப்பித்தாராம். பட்டிமன்றம் நடந்தது, நிபுணர்கள் உட்கார்ந்து அலசினார்கள், சம்பளம் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டார்கள். ஓரிரு நாளில் சம்மேளனம் அந்த மின்னஞ்சல் உண்மையானதல்ல என்று சொல்லிவிட்டது. ஆகஸ்ட் 1 அன்று காலித் ஜமீல் பயிற்சியாளரானார். அவர் எப்படி ஆடவைப்பார், தற்காப்பை எப்படி அடுக்குவார் என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை. வீடு பற்றியெரிகிறபோது பக்கத்துத் தெருவில் பொய்யாக வெடித்த பட்டாசைப் பற்றி இரண்டு நாள் பேசினார்கள்.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. சாவி செய்தியை எங்களில் எத்தனையோ பேர் பகிர்ந்தோம். மெஸ்ஸியா ரொனால்டோவா என்று விடிய விடிய சண்டை போட்டோம். எது விற்கிறதோ அதையே எழுதுகிறோம் என்று ஆசிரியர்கள் சொல்லும்போது, விலை கொடுத்தவர்கள் நாங்களும்தான். இந்த இயக்கத்தில் சேருகிறவர் முதலில் அதை நிறுத்த வேண்டும். பெயரில்லாத யாரோ சொன்னதாக வரும் டிரான்ஸ்ஃபர் வதந்தியைத் தொடவும் மாட்டோம், பகிரவும் மாட்டோம். கையெழுத்திடுமுன் இதை யோசித்துக்கொள்ளுங்கள், கடைப்பிடிப்பது கடினம்.

தமிழ் வர்ணனைக்கு வருவோம். 2021 யூரோ தமிழில் ஒலித்தபோது, 2022 உலகக் கோப்பை தமிழில் வந்தபோது, எங்கள் வீடுகளில் திருவிழா. அம்மாக்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தை நாங்கள் மறக்கவில்லை. மைக்கைப் பிடித்தவர்களுக்கு நன்றியும் உண்டு. நல்ல நாட்களும் இருந்தன, முன்னாள் ஆட்டக்காரர்கள் பேசிய நாட்கள் பெரும்பாலும் அப்படி. ஆனால் பல இரவுகளில் எங்களுக்குக் கிடைத்தது சினிமா வசனம், எதுகை மோனை, தொண்டை கிழியும் கத்தல்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தாத்தா இருக்கிறார். இளமையில் விங்கில் ஆடியவர். சர்க்கரை வியாதியில் பார்வை போய்விட்டது. ஆட்டம் என்றால் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு காதைத் திருப்பிக்கொள்வார். பக்கத்தில் பேத்தி, ஒன்பதாம் வகுப்பு. ஒரு நாள் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். வர்ணனையாளர் ஒரு படத்துப் பாட்டை மாற்றிப் பாடிக்கொண்டிருந்தார். தாத்தா குனிந்து பேத்தியிடம் கேட்டார்: “பால் யார்கிட்டம்மா இருக்கு?” அவள் சொன்னாள். அடுத்த நிமிடம் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். தொண்ணூறு நிமிடமும் அந்தப் பெண்தான் வர்ணனை செய்தாள்: “லெஃப்ட்ல போவுது தாத்தா, பேக் ஏறிட்டான், உள்ள ஒருத்தன் ஃப்ரீயா நிக்கறான், ஐயோ குடுக்கல.” இதைவிட நல்ல வர்ணனையை நாங்கள் எந்தச் சேனலிலும் கேட்டதில்லை.

அந்தத் தாத்தாவின் கேள்விதான் எங்கள் அளவுகோல். பார்வை இல்லாத ஒருவர் உங்கள் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஆட்டத்தோடு ஓட முடிகிறதா? முடிந்தால் நல்ல வர்ணனை. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் சொன்னபோது படம் என்று ஒன்று கிடையாது. பந்து எங்கே போகிறது என்று சொல்லாமல் அவர்களால் ஒரு நொடி தள்ள முடியாது. அதனால் கிரிக்கெட்டுக்குத் தமிழில் ஒரு மொழி கிடைத்தது. எந்த மூலையில் பந்து உருண்டாலும் கேட்டவர்களுக்குத் தெரிந்தது. கால்பந்துக்கு அந்த மொழி இனிமேல்தான் மேடை ஏற வேண்டும். அது இல்லாமல் இல்லை. எங்கள் மைதானங்களில் இருக்கிறது. டம்மி போட்டான், ஒன்-டூ ஆடினான், காலுக்கு நடுவில் விட்டான், உள்ளே வெட்டினான், ஸ்டாப்பர் பேக்கை வெளியே இழுத்துட்டான். பாதி ஆங்கிலச் சொல், பாதி தமிழ். சுத்தத் தமிழ் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆடுகிறவர்கள் பேசும் தமிழில் பேசுங்கள் என்கிறோம்.

நிபுணர்களுக்கு ஒரு வார்த்தை. தோற்ற அணிக்கு மனவலிமை இல்லை, பசி இல்லை, போராட்ட குணம் இல்லை என்று சொல்வதற்கு நிபுணர் தேவையில்லை. எந்தத் தோல்விக்கும் பொருந்துகிற காரணம் எந்தத் தோல்வியையும் விளக்காது. இங்கிலாந்தில் 1995 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட், ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றதும் ஆலன் ஹேன்சன் தொலைக்காட்சியில், சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு எதுவும் ஜெயிக்க முடியாது என்றார். அந்தப் பருவம் முடிந்தபோது அந்தப் பையன்கள் லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றிருந்தார்கள். கணிப்பு தப்புவது குற்றமில்லை, யாருக்கும் தப்பும். ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்பதைத் திரையில் காட்டுங்கள். படத்தை நிறுத்தி, ஆள் நின்ற இடத்தைக் காட்டி, இந்த இடைவெளியில்தான் வந்தான் என்று விளக்குங்கள். தப்பினால் அடுத்த வாரம் வந்து தப்பியது என்று சொல்லுங்கள். உங்கள் மேல் எங்களுக்கு மரியாதை கூடும்.

பெண்கள் ஆட்டத்தைப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை, அவ்வளவு ஆத்திரம். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இல் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். 2023-இல் மறுபடியும் ஆனார்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. ஆண்கள் அணி சந்தோஷ் டிராபியை ஒரு தடவைகூட வென்றதில்லை. எந்த அணிக்கு எத்தனை வரி எழுதினீர்கள் என்று உங்கள் பழைய பக்கங்களை நீங்களே எடுத்து எண்ணிக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் 2019 மார்ச்சில் ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி அணி, 2020-21 பருவத்தோடு அந்த லீக்கிலிருந்து மறைந்தது. தேசிய சாம்பியனான ஓர் அணி இரண்டே ஆண்டில் எப்படிக் காணாமல் போகும்? யாராவது கேட்டு எழுதுவார்கள் என்று இன்னும் காத்திருக்கிறோம்.

ரசிகர்களால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு லிவர்பூலைக் காட்டுகிறோம். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல். லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் உயிர் போயிற்று. நான்கு நாள் கழித்து ‘தி சன்’ நாளிதழ், ரசிகர்கள் செத்தவர்களின் பையில் கைவிட்டார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதியது. பொய். லிவர்பூல் ஊர் அந்த நாளிதழை வாங்குவதை நிறுத்தியது. கடைக்காரர்கள் விற்பதை நிறுத்தினார்கள். போலீஸ் கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தவறியதே முக்கியக் காரணம் என்று அதே ஆண்டில் டெய்லர் விசாரணை சொன்னது. 2012-இல் தனிக்குழு ஆவணங்களை வெளியிட்டது. 2016-இல் ஜூரி அந்தச் சாவுகள் சட்டவிரோதமானவை என்றும் ரசிகர்கள் மேல் பழி இல்லை என்றும் தீர்ப்பளித்தது. இருபத்தேழு ஆண்டுகள். அத்தனை ஆண்டும் அந்த ஊர்க்காரர்கள் அந்தப் பேப்பரைத் தொடவில்லை, இன்றும் தொடுவதில்லை. எங்கள் குறை அவர்கள் துயரத்தின் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் வாசகர் வாங்காமல் இருந்தால் பேப்பருக்கு வலிக்கும் என்பதை அவர்களிடமிருந்துதான் கற்றோம்.

எங்கள் சண்டை நிருபர்களோடு இல்லை. கபடி முதல் செஸ் வரை எல்லாவற்றையும் ஓர் ஆள் தலையில் கட்டி, பஸ் காசும் கொடுக்காமல் அனுப்புகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆட்டத்தைப் பற்றி நானூறு வார்த்தை எழுதிக் கொடுத்தவரிடம் நாற்பது போதும் என்று திருப்பிக் கேட்கிற செய்தி மேஜையோடுதான் சண்டை. எந்த நிருபரையும் வர்ணனையாளரையும் பெயர் சொல்லித் திட்டுபவருக்கும், மைக் பிடித்த பெண்ணை ஆபாசமாகப் பேசுபவருக்கும், சாதி சொல்லியோ நிறம் சொல்லியோ ஓர் ஆட்டக்காரரைப் பார்த்துக் கத்துபவருக்கும் இந்த இயக்கத்தில் இடமில்லை. முதல் தடவையே வெளியேற்றுவோம். இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

நாங்கள் செய்யப்போவது இது. சென்னை லீக்கில் சீனியர் டிவிஷன் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் எங்களில் இரண்டு பேராவது போவோம். ஒருவர் பார்ப்பார், ஒருவர் எழுதுவார். அந்தப் பெரியவரின் முறையே எங்கள் முறை: நிமிடம், அடித்தவர், கொடுத்தவர், வ, இ, த. பெண்கள் ஆட்டத்துக்கும் அப்படியே. எழுதியதை அன்றிரவே எல்லா நாளிதழுக்கும் அனுப்புவோம், காசு கேட்காமல். போட்டால் மகிழ்ச்சி. போடாவிட்டாலும் நோட்டு எங்களிடம் இருக்கும்; ஆண்டு முடிவில் அச்சடித்து, ஆடிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுப்போம். வெள்ளத்தில் தப்பிய நோட்டுகளைப் பெரியவர் எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார். அந்தத் தாத்தாவின் ஒன்பதாம் வகுப்புப் பேத்தி அவற்றைத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டாள். 1994 வரை வந்திருக்கிறாள். ‘வ’வும் ‘இ’யும் அழிந்துபோன இடங்களில் ஆடியவர்களைத் தேடிப் போய்க் கேட்கிறோம். போன மாதம் அயனாவரத்தில் ஒருவரைக் கண்டுபிடித்தோம். அறுபது வயதுக்கு மேல். கேள்வியைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலைத் தரையில் ஊன்றி வலது காலை வீசிக் காட்டினார். ‘வ’ என்று எழுதிக்கொண்டோம்.

வருகிறவர்கள் ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் நேரு ஸ்டேடியம் வாசலுக்கு வந்துவிடுங்கள். மத்தியான ஆட்டத்துக்கு மேற்குப் பக்கக் கேலரியில்தான் நிழல் இருக்கும்; அங்கே உட்காருவோம். ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியலை ஆட்டம் தொடங்குமுன் வாங்கிவிட வேண்டும், இடைவேளையில் கேட்டால் கிடைப்பதில்லை. நோட்டும் பேனாவும் எங்களிடம் இருக்கின்றன.